இருபது காசுப் பங்கு மலிவா?

ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் மாலை நேரக் கடைகளில் இப்போது இளையவர்கள் கைப்பேசியில் பங்கு விலைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, இது இருபது காசு, அது இருபது வெள்ளி. ரெண்டாயிரம் வெள்ளிக்கு இதிலே பத்தாயிரம் பங்கு கிடைக்கும், அதிலே நூறுதான். மலிவா இருக்கிறதைத்தானே வாங்கணும்?" நேர்மையான கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால் பங்கு வாங்குவது, இ.டி.எஃப் வாங்குவது இரண்டிலும் பாதித் தூரம் கடந்த மாதிரி. தே தாரிக் சொல்லியாகிவிட்டது. மெதுவாகவே போவோம்.

முதலில் பங்கு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நமக்குத் தெரிந்தது தோட்டம், அங்கிருந்தே தொடங்கலாம். ஆயிரம் ஏக்கர் செம்பனைத் தோட்டம் ஒன்று விலைக்கு வருகிறது. முழுவதையும் வாங்க நம்மில் ஒருவரிடமும் பணம் இல்லை. ஆகவே அதை ஆயிரம் சம உரிமைகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றோ பத்தோ வாங்கிக்கொள்கிறோம். அந்த உரிமை ஒவ்வொன்றும் ஒரு பங்கு. ஆண்டு முடிவில் பழம் விற்ற காசில் கூலி, உரம், கடன் வட்டி எல்லாம் போக மிஞ்சுவது லாபம். அதில் ஒரு பகுதியை நமக்குப் பிரித்துக் கொடுத்தால் அது லாப ஈவு. மீதியை மறுநடவுக்கு வைத்துக்கொண்டால் தோட்டத்தின் மதிப்பு வளரும். கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் பங்கு என்பது இவ்வளவுதான்.

இதை நம் பேராக்கில் கற்பனையாகச் சொல்ல வேண்டியதில்லை. 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. கையில் 10 வெள்ளி கொடுத்துச் சேர்ந்து, மீதியை மாதத் தவணையாகக் கட்டலாம். பால் வெட்டுகிறவர்கள் கட்டிய அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். பிறகு பல தோட்டங்கள் வந்தன. சிறுகச் சேர்த்த பணத்தில் பலர் சேர்ந்து பல சொத்துகளுக்கு உரிமையாளராவது என்ற எண்ணம் நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இங்கே நடத்திப் பார்த்ததுதான். பங்குச் சந்தை நமக்கு அந்நியமான ஊர் என்று யாராவது நினைத்தால் இதைத்தான் நான் சொல்வேன்.

இப்போது அந்த இருபது காசுக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தோட்டங்கள். இரண்டுமே ஆயிரம் ஏக்கர், ஒரே வயது மரம், ஒரே விளைச்சல். ஒன்றை ஆயிரம் உரிமைகளாகப் பிரித்திருக்கிறார்கள், மற்றதை ஒரு லட்சமாக. இரண்டாவது தோட்டத்தின் உரிமைச் சீட்டு முதலாவதின் விலையில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அந்தச் சீட்டுக்குக் கிடைக்கும் பழமும் நூறில் ஒரு பங்குதான். சீட்டின் விலையை மட்டும் பார்த்து எந்தத் தோட்டம் மலிவு என்று சொல்லவே முடியாது. சீட்டு விலையை மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் முழுத் தோட்டத்துக்கும் சந்தை என்ன விலை சொல்கிறது என்பது தெரியும். அதைச் சந்தை மதிப்பு என்கிறார்கள்.

நிஜப் பெயரோடு பார்ப்போம். கே.எல்.கே. என்று நாம் சொல்லும் கோலாலம்பூர் கெப்போங் கம்பெனியின் தலைமையகம் பெயரில் உள்ள ஊரில் இல்லை, நம் ஈப்போவில் இருக்கிறது. அதன் பங்குகள் சுமார் 1.1 பில்லியன். ஒரு பங்கு 20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் முழுக் கம்பெனியின் விலை 22 பில்லியன் ரிங்கிட். இன்னொரு பக்கம், பெயர் வேண்டாம், நாமே ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். பங்கு 20 காசு, மொத்தம் 5 பில்லியன் பங்குகள். பெருக்கினால் 1 பில்லியன் ரிங்கிட். இப்போது லாபத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கற்பனைக் கம்பெனி ஆண்டுக்கு 10 மில்லியன்தான் சம்பாதிக்கிறது என்றால், கொடுத்த விலையை அது சம்பாதித்து முடிக்க நூறு ஆண்டு ஆகும். கே.எல்.கே.-யின் 2022 நிதியாண்டு லாபம் 2 பில்லியனுக்கு மேல். அந்தக் கணக்கில் பத்து ஆண்டு போதும். இருபது காசுப் பங்குதான் இங்கே கொள்ளை விலை.

கொஞ்சம் பொறுங்கள், இங்கேயே நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். 2022 செம்பனை எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த ஆண்டு. 2024-இல் கே.எல்.கே. லாபம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதே 22 பில்லியனை இந்த லாபத்தோடு வைத்தால் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. கம்பெனி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான், நாம் எடுத்துக்கொண்ட ஆண்டு மட்டும் வேறு. அதனால் ஒரே ஆண்டின் லாபத்தை வைத்து முடிவு கட்டாமல் ஏழெட்டு ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டின் விளைச்சலைக் காட்டித் தோட்டம் விற்க வருகிறவரிடம் நம் பெரியவர்கள் மற்ற ஆண்டுகளைப் பற்றியும் கேட்டிருப்பார்கள்.

சீட்டைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 செப்டம்பரில் நாடே பார்த்த சாட்சி இருக்கிறது. கோவிட் காலத்தில் கையுறை விலை ஏறி, டாப் குளோவ் பங்கு 20 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. கம்பெனி ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு புதிய பங்குகளை இலவசமாகக் கொடுத்தது. ஒன்று மூன்றானது, விலை மூன்றில் ஒன்றானது. முந்தின நாள் இருபதுக்கு மேல் இருந்தது மறுநாள் பத்துக்குக் கீழே. யாருக்கும் ஒரு காசு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை, தொழிற்சாலையில் ஒரு கையுறைகூடக் கூடவில்லை. "இப்போதுதான் மலிவாகிவிட்டது" என்று வாங்கியவர்களும் இருந்தார்கள். 2022-இல் அந்தப் பங்கு 1 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. அதற்குக் காரணம் பங்கைப் பிரித்தது இல்லை. கையுறை விலை பழைய நிலைக்கு இறங்கியதும் லாபம் கரைந்துபோனதுதான். இறங்கிய விலையைப் பார்த்து வாங்கியவர்கள், அந்த லாபம் எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்கவில்லை.

இந்தத் தவறான எண்ணம் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்றால், சந்தையின் விதிமுறையே அதைத் தூண்டுகிறது. புர்சா மலேசியாவில் குறைந்தது 100 பங்காக, அதாவது ஒரு லாட்டாக வாங்க வேண்டும். நெஸ்லே மலேசியா பங்கு 100 ரிங்கிட்டைத் தாண்டி நின்ற காலத்தில் ஒரு லாட்டுக்கே பத்தாயிரத்துக்கு மேல் வேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது எட்டாத தூரம். அதனால் கண் தானாகவே பட்டியலின் அடிப்பகுதிக்குப் போகிறது. அங்கேதான் 'கோரெங்' நடக்கிறது: சிலர் சேர்ந்து விலையை ஏற்றிக்காட்டி, கூட்டம் சேர்ந்ததும் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். 20 காசு 10 காசானாலும் 20 ரிங்கிட் 10 ரிங்கிட்டானாலும் பாதிப் பணம் போனது போனதுதான். பங்கின் எண்ணிக்கை கையில் அப்படியே இருப்பதால் சின்னப் பங்கில் அந்த வலி தாமதமாகத் தெரிகிறது.

ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தை நம் சமூகம் போல அறிந்தவர்கள் குறைவு. 1982-இல் ம.இ.கா. முன்னின்று மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 66,000 பேர் சேர்ந்து 106 மில்லியன் ரிங்கிட் போட்டார்கள். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் போட்ட தோட்டக் குடும்பங்கள் உண்டு. அந்தப் பங்கு கடைசிவரை சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அதனால் விற்க நினைத்தவருக்கு வாங்க ஆள் இல்லை, இன்றைய விலை என்ன என்று பார்க்க ஒரு பலகை இல்லை. 2010-இல் ஒரு தனியார் குடும்பத்தின் நிறுவனம் முன்வந்து பங்குக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. பங்கு விற்கப்பட்டது 1 ரிங்கிட்டுக்கு. அதே காலத்தில் ஊழியர் சேமநிதியில் கிடந்த ஒரு ரிங்கிட், 1983 முதல் 1987 வரை ஆண்டுக்கு 8.5 விழுக்காடு, பிறகு 1994 வரை 8 விழுக்காடு என்று வளர்ந்து, 2010-இல் 5 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். அந்த அரசியலை இங்கே பேசப் போவதில்லை. வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு குறைகள் தெரிகின்றன: நினைத்த நாளில் விற்க வழியில்லை, எல்லாப் பணமும் ஒரே நிர்வாகத்தின் கையில். இந்த இரண்டுக்கும் மருந்து தேடினால் நாம் நேராக வந்து நிற்கும் இடம் இ.டி.எஃப்.

தோட்டக் கணக்கிலேயே சொன்னால், முப்பது தோட்டங்களில் கொஞ்சம் கொஞ்சம் உரிமை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில் கட்டி, அந்தப் பத்திரத்தையே தினமும் சந்தையில் விற்கவும் வாங்கவும் வைத்தால் அதுதான் இ.டி.எஃப். எந்த முப்பது, எதில் எவ்வளவு என்பதை நிர்வாகி தன் விருப்பத்துக்கு முடிவு செய்வதில்லை. ஒரு குறியீடு சொல்கிறது, அவர் அதைப் பின்பற்றுகிறார். நம் நாட்டில் எல்லாரும் செய்தியில் கேட்கும் கே.எல்.சி.ஐ. குறியீட்டில் புர்சாவின் மிகப் பெரிய 30 கம்பெனிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் பட்டியலைச் சரிபார்த்து, சுருங்கியதை நீக்கி, வளர்ந்ததைச் சேர்க்கிறார்கள். டாப் குளோவ் வளர்ந்தபோது அதில் இருந்தது, பிறகு வெளியேறியது. இந்தக் குறியீட்டைப் பின்பற்றும் இ.டி.எஃப் 2007 முதல் விற்பனையில் இருக்கிறது. அதன் யூனிட் விலை குறியீட்டுப் புள்ளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. குறியீடு 1,600 என்றால் யூனிட் 1 ரிங்கிட் 60 காசு சுற்றில், ஒரு லாட் 160 ரிங்கிட் அளவில். மேபேங்க், பப்ளிக் பேங்க், தெனாகா, கே.எல்.கே., ஐ.ஓ.ஐ. எல்லாவற்றிலும் ஒரு துளி உரிமை அந்த 160-க்குள் இருக்கிறது. பழைய கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி தோட்டங்கள் 2007-இல் ஒன்றாகி, இன்று எஸ்.டி. கத்ரி என்ற பெயரில் அந்த முப்பதில் ஒன்றாக இருக்கின்றன. பாட்டி பால் வெட்டிய கம்பெனிக்குப் பேத்தி 160 ரிங்கிட்டில் உரிமையாளராகலாம் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

இங்கேயும் அந்தப் பழைய எண்ணம் வேறு உருவில் வரும். "யூனிட் ஒரு வெள்ளி அறுபது காசுதான், இது மலிவு இ.டி.எஃப்." அப்படி இல்லை. யூனிட் விலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் 30 பங்குகளின் மொத்த மதிப்பை யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சொத்து மதிப்பு. சந்தை விலை அதைவிட்டு வெகுதூரம் ஓட முடியாது. யூனிட் விலை அதிகமாக ஏறினால், அதற்கென அனுமதி பெற்ற பெரிய வியாபாரிகள் 30 பங்குகளையும் வாங்கி நிர்வாகியிடம் கொடுத்து, புது யூனிட் பெற்று, சந்தையில் விற்றுவிடுவார்கள். அதிகமாக இறங்கினால் யூனிட்டை வாங்கிப் பங்காக மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் தேடுவது சொந்த லாபம், நமக்குக் கிடைப்பது நியாய விலை. நம் நாட்டு இ.டி.எஃப்களில் நாள் வியாபாரம் குறைவாக இருப்பதால், வாங்குகிறவர் சொல்லும் விலைக்கும் விற்கிறவர் சொல்லும் விலைக்கும் இடைவெளி சில நேரம் பெரிதாக இருக்கும். அதனால் 'கிடைத்த விலைக்கு வாங்கு' என்று ஆணை கொடுக்காமல், நாம் தரத் தயாராக உள்ள விலையை எழுதிக் கொடுப்பது நல்லது.

யூனிட் விலை ஒன்றும் சொல்லாது என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது ஆண்டுக் கட்டணம். அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளைப் பின்பற்றும் இ.டி.எஃப்களில் 1993-இல் வந்த பழையது ஆண்டுக்கு 0.09 விழுக்காட்டுக்குச் சற்று மேல் எடுக்கிறது. வேன்கார்டு நிறுவனத்துடையது 0.03 மட்டும். உள்ளே இருப்பது அதே 500 கம்பெனிதான், யூனிட் விலைதான் வேறு வேறு. நம் கே.எல்.சி.ஐ. இ.டி.எஃப் நிர்வாகக் கட்டணம் அரை விழுக்காடு அளவில். வங்கி முகப்பில் நமக்கு விற்கப்படும் யூனிட் டிரஸ்டுகளிலோ தொடக்கத்திலேயே 5 விழுக்காடு வரையும், பிறகு ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு அளவிலும் போவது வழக்கம்.

ஒன்றரைதானே என்று தோன்றும். ஒரு காகிதத்தை எடுங்கள். 10,000 ரிங்கிட், கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்கிறது, இருபது ஆண்டு. அரை விழுக்காடு கட்டணம் போனால் கையில் ஏறத்தாழ 29,180. தொடக்கத்தில் 5 விழுக்காடும் ஆண்டுக்கு ஒன்றரையும் போனால் 22,910. ஆறாயிரத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் பத்தாயிரம் போட்ட இடத்தில். விற்பவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு இதில் வேலையே இல்லை. கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் மொத்தத் தொகையிலும் எடுக்கப்படுகிறது, எடுத்த காசு அடுத்த ஆண்டு வளர்வதில்லை.

கட்டணத்துக்கு அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது. ஒவ்வொரு இ.டி.எஃப்புக்கும் மாதம் ஒரு விவரத்தாள் போடுகிறார்கள், இரண்டு பக்கம்தான். மேலே வரைபடம் அழகாக இருக்கும், அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். முதல் பத்துப் பங்குகள் என்று ஒரு பட்டியலும், பக்கத்தில் எந்தத் தொழிலுக்கு எத்தனை விழுக்காடு என்று இன்னொன்றும் இருக்கும். கே.எல்.சி.ஐ.-யில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வங்கிகளே. முப்பது கம்பெனி என்று வாங்கியதில் ஒரு பெரிய பகுதி ஒரே தொழிலில் போய் நிற்கிறது. அதற்கு மேல் பாதுகாப்புக்கு என்று மேபேங்க் ஒரு லாட், பப்ளிக் பேங்க் ஒரு லாட் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் மூன்று பெயர் இருக்கும், உள்ளே அதே வங்கிகள் இரண்டாம் முறை. சம்பந்தன் காலத்துச் சங்கத்துக்கும் இந்தச் சோதனை இருந்தது. தோட்டங்கள் பலவானாலும் ரப்பர் விலை விழுந்தால் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில்தான் விழும். எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது. ஒன்று விழும்போது விழாத இன்னொன்றைச் சேர்ப்பதைத்தான் பரவலாக்கம் என்கிறோம்.

அந்தக் கணக்கில் நம் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். மஞ்சோங் மின் நிலையத்தில் வேலை செய்கிறவருக்குச் சம்பளமே தெனாகாவிலிருந்து வருகிறது. சேமிப்பும் தெனாகா பங்கில் இருந்தால், ஒரு கெட்ட ஆண்டில் ஓவர்டைமும் குறையும், பங்கும் இறங்கும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் தோட்டக் கம்பெனிப் பங்கு வாங்குவதும் அப்படித்தான். தெரிந்த தொழிலில் போடு என்று சொல்வார்கள். தெரிந்த தொழிலைப் பற்றி நாம் நன்றாகப் பேசலாம், ஆனால் பணத்தில் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

வேறு இடம் என்றால் நாட்டுக்கு வெளியேயும்தான். 2014 ஜூலையில் கே.எல்.சி.ஐ. 1,890 புள்ளியைத் தொட்டது. 2024 முடிவில் 1,642. பத்து ஆண்டுக்கு மேல் புள்ளி ஏறவில்லை, லாப ஈவு மட்டும் வந்துகொண்டிருந்தது. நம் ஊழியர் சேமநிதி 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்ததற்கு ஒரு காரணம், அது தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் வைத்திருப்பது. நாமும் உலகப் பங்குகளைப் பின்பற்றும் ஒரு இ.டி.எஃப் வாங்கலாம். வாங்கும்போது அது எந்த நாட்டில் பதிவானது என்று மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் பதிவானதை நாம் வாங்கினால் ஈவில் 30 விழுக்காடு வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். மேலும், அந்நாட்டுச் சொத்து 60,000 டாலரைத் தாண்டியபின் உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் அங்கே மரண வரி கட்ட நேரிடும். அதே அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் அயர்லாந்துப் பதிவு இ.டி.எஃப்பில் ஈவு வரி 15 விழுக்காடு, அந்த மரண வரியும் இல்லை. லண்டன் சந்தையில் அவை கிடைக்கின்றன.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. அட்டைக் கடன் இருந்தால் முதலில் அதை அடைப்பதுதான் சிறந்த முதலீடு. எந்தப் பங்கும் அந்த வட்டியை ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அடுத்து ஆறு மாதச் செலவுப் பணம், வங்கியில், கைக்கெட்டும் தூரத்தில். அதற்குப் பிறகு ஊழியர் சேமநிதியில் சொந்தமாகவும் போடலாம், ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. எல்லா மலேசியர்களுக்கும் திறந்த ஏ.எஸ்.எம். அமானா சஹாமும் இருக்கிறது. நமக்கு யூனிட் கிடைப்பது எளிதில்லை, விடாமல் முயன்றால் கிடைக்கும். அதன் யூனிட் விலை எப்போதும் 1 ரிங்கிட்தான் என்பதைக் கவனியுங்கள். விலையிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாத இடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆண்டு ஈவைத்தான் பார்க்க வேண்டும்.

மீதிப் பணத்தில், பத்து ஆண்டுக்குத் தொடத் தேவையில்லாததை மட்டும் இ.டி.எஃப்களில் வைக்கலாம். உலகம் ஒன்று, நாடு ஒன்று என இரண்டு போதும் என்பது என் கருத்து. தனிப் பங்குகள் வேண்டாமா என்றால், ஆசை இருந்தால் பத்தில் ஒரு பங்கோ இரண்டோ ஒதுக்குங்கள். அதற்குள் ஒவ்வொரு பங்கையும் வாங்கும் முன் முழுக் கம்பெனியின் விலையைப் பெருக்கிப் பாருங்கள், ஏழெட்டு ஆண்டு லாபத்தைப் பாருங்கள், கடன் எவ்வளவு என்று பாருங்கள், லாப ஈவு லாபத்திலிருந்து வருகிறதா கடன் வாங்கிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஆண்டறிக்கை எல்லாம் புர்சா இணையத்தளத்தில் இலவசம். அதைத் திறந்து படிக்கச் சலிப்பாக இருந்தால் அந்தப் பங்கு நமக்கு வேண்டாம், இ.டி.எஃப் போதும். அதில் எந்தக் குறையும் இல்லை.

வாங்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். புர்சாவில் உரிமம் பெற்ற தரகர் மூலம் சி.டி.எஸ். கணக்கு திறக்க வேண்டும். அது பங்குகளுக்கான வங்கிக் கணக்கு மாதிரி, உங்கள் பெயரிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்து கணக்கு திறந்து தருகிறேன் என்பவரை நம்பாமல், பங்கு பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் உரிமம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தரகுக் கட்டணத்துக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு. அது 8 ரிங்கிட் என்றால், 160 ரிங்கிட்டுக்கு ஒரு லாட் வாங்குகிறவர் 5 விழுக்காட்டைத் தரகிலேயே இழக்கிறார். பத்து மாதம் சேர்த்து 1,600-க்கு ஒரே முறை வாங்கினால் அது அரை விழுக்காடு. பங்குகளுக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 ரிங்கிட், தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, இவை சின்னவை. விலை இறங்கும் மாதமும் ஏறும் மாதமும் நமக்குத் தெரியப்போவதில்லை என்பதால், ஆண்டுக்கு ஓரிரு முறை என்று நாள் குறித்து வைத்து அந்த நாளில் வாங்கிவிடுவது நிம்மதி.

இன்னொன்று. ஊழியர் சேமநிதியில் வாரிசு பெயர் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சி.டி.எஸ். கணக்கில் அந்த வசதி கிடையாது. உயில் இல்லாமல் போனால், பிள்ளைகள் அதிகாரப் பத்திரம் வாங்கிய பிறகுதான் அந்தப் பங்குகளைத் தொட முடியும். கணக்கு எண், தரகர் பெயர், என்னென்ன வாங்கியிருக்கிறோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் ஒருவரிடமாவது காட்டி வையுங்கள். கணக்கு திறந்த வாரமே உயிலையும் எழுதிவிடுங்கள்.